கைக்கு ஒரு வேலை, மனத்திற்கு ஒரு மகிழ்ச்சி

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

      

ஆண்டறிக்கை வாசிக்கப்பெற்றது. வரவு செலவுக் கணக்கு ஒப்படைக்கப்பெற்றது. மதரஸா, பைத்துல்மால், கல்வி உதவி, மையவாடிச் சுற்றுச்சுவர் என்று அனைத்தும் அவற்றில் இடம்பெற்றுவிட்டன. எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படாத ஒரு செல்வத்தைக் குறித்து இப்போது சற்று நேரம் சிந்திப்போம். வல்ல இறைவன் நம் ஒவ்வொருவருக்கும் அளித்திருக்கும் இரண்டு கைகளே அந்தச் செல்வம்.

ஓய்வு என்னும் பெயரால்

நம் மஹல்லாவில் சபர் முடித்துத் திரும்பியவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் பெருகி வருகிறது. வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்தவர்கள் அவர்கள். அதிகாலையில் கடை திறந்து நள்ளிரவில் பூட்டியவர்கள். கொளுத்தும் வெயிலில் நின்றவர்கள். பிள்ளைகளைப் படிக்கவைத்து, சகோதரிகளை மணமுடித்துக் கொடுத்து, வீடு கட்டி முடித்தவர்கள். அவர்கள் ஊர் வந்த முதல் மூன்று மாதம் விருந்திலும் உறவினர் சந்திப்பிலும் கழிகிறது. அதன் பிறகு என்ன நிகழ்கிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

ஃபஜ்ருக்குப் பின் தேநீர், செய்தித்தாள். பின்னர் கைபேசி. பகல் உணவு, உறக்கம். அஸருக்குப் பின் திண்ணைப் பேச்சு. மீண்டும் கைபேசி. கையில் ஒரு வேலையும் இல்லை. ஓராண்டு செல்வதற்குள் நடை தளர்கிறது, சர்க்கரை கூடுகிறது, சின்னஞ்சிறு காரணங்களுக்கெல்லாம் சினம் வருகிறது. உழைத்த காலத்தில் உறுதியாக நின்ற மனிதர், ஓய்வெடுக்கத் தொடங்கியதும் ஒடுங்கிப்போகிறார். நம் வீடுகள் பலவற்றிலும் காணக்கூடிய காட்சி இது.

திரைக்கு அப்பால் இருக்கும் தாய்மார்களின் நிலையும் இதனின்று வேறுபட்டதன்று. பெண் மக்கள் புகுந்த வீடு சென்றுவிட்டனர். ஆண் மக்கள் வெளிநாட்டில் இருக்கின்றனர். நான்கு அறைகள் கொண்ட வீட்டில் ஒருவரோ இருவரோ வாழ்கின்றனர். அம்மியும் ஆட்டுக்கல்லும் கொல்லைப்புறத்தில் கிடக்கின்றன. வேலை குறைந்தது நன்மையே; எவரும் அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வேலை சென்ற இடத்தில் வேறு ஒன்றும் வந்து அமரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கவலையும் நோயும் குடியேறுகின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நூறு பெரியவர்களில் பதினொருவருக்கு மேல் என்பது அதன் கணக்கு. மருந்து வாங்க பைத்துல்மாலை நாடி வருவோரின் விண்ணப்பங்களைக் காணும் நம் நிர்வாகிகளுக்கு இது புதிய செய்தியாக இராது. மருந்துக்கு உதவுவது ஜமாஅத்தின் கடமை. நோய் முற்றும் முன்பே கைகால்களை இயங்கவைக்கும் வழியைக் காட்டுவதும் அதே அளவு கடமையாகும்.

பாய் சொல்லும் பாடம்

கைத்தொழில் நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. திருநெல்வேலிக்கு மேற்கே, சேரன்மகாதேவிக்கு அருகில் இருக்கும் பத்தமடையை அறியாதவர் நம்மில் இருக்கமாட்டார்கள். அவ்வூரின் லெப்பை சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகக் கோரைப்பாய் நெய்து வருகின்றனர். அவர்களுள் பெண்களே மிகுதி. ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரங்களிலும் விளையும் கோரையை அறுத்து, கீறி, வெயிலில் உலர்த்துகின்றனர். ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து மறுபடியும் உலர்த்துகின்றனர். பின்னர் அதனை மெல்லிய இழைகளாக வகிர்ந்து, பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாக இட்டு, கோரையை ஒவ்வோர் இழையாக ஊடே செலுத்தி நெய்கின்றனர். மிக நுண்ணிய இழையால் நெய்யப்பெறும் பட்டுப்பாய் ஒன்று முடியப் பல வாரங்கள் ஆகும். அது துணியைப் போல் மடியும். மணமக்களின் பெயர்களைப் பாயிலேயே நெய்து திருமணத்திற்கு வழங்கும் வழக்கமும் உண்டு. இந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

வட பகுதியில், திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில், முஸ்லிம் பெண்கள் பனை ஓலையால் பெட்டியும் கூடையும் பின்னுகின்றனர். இராமநாதபுரத்துக் கடலோர ஊர்களில் ஓலைக்கொட்டான் முடையத் தெரியாத பெண்மணி ஒரு காலத்தில் அரிது. சற்று அண்மைக் காலத்திற்கு வருவோமாயின், வயர்க்கூடை பின்னாத வீடு எது? நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு என்று அண்டை வீட்டாரிடம் கேட்டுக் கேட்டுப் பின்னிய கூடைகள் சந்தைக்கும் சென்றன. விருந்துச் சோறு சுமந்து உறவினர் வீட்டுக்கும் சென்றன. இருபது ஆண்டுகள் கடந்த பின்பும் பிடி அறாத கூடைகள் இன்றும் சில வீடுகளில் தொங்குகின்றன.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் கூற வேண்டும். பிழைப்பிற்காக நாள் முழுவதும் குனிந்து நெய்பவருக்கு முதுகு வலிக்கிறது, கண் களைக்கிறது. அவருக்குக் கிடைக்கும் கூலி, பாயின் அழகிற்கு ஈடாக இல்லை. விலை மலிந்த பிளாஸ்டிக் பாய் வந்து அந்தக் கூலியையும் குறைத்துவிட்டது. ஆகவே இளைய தலைமுறை அத்தொழிலை விட்டு விலகுமானால் அவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. கைவினையின் இன்பம் வாங்குபவருக்கு மட்டும் உரியதாய், செய்பவருக்கு வலியே மிச்சம் என்றாகிவிடக் கூடாது. நம் இல்லத் திருமணங்களுக்கு எத்தனையோ வீண் செலவு செய்கிறோம். பேரம் பேசாமல் உரிய விலை கொடுத்து, கையால் நெய்த ஒரு பாயை வாங்கி மணமக்களுக்கு அளித்தால், ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியும். மணமக்கள் வீட்டில் ஒரு நல்ல பொருளும் நிலைக்கும்.

பிழைப்பிற்காகச் செய்யும் வேலை ஒன்று. மன நிறைவிற்காகச் செய்யும் வேலை மற்றொன்று. வயிற்றுக் கவலை நீங்கியவர்கள் நாள்தோறும் ஒரு மணி நேரம் கைவேலைக்கு ஒதுக்குவதில் உடலுக்கு வருத்தமில்லை. அதில் ஒரு தனி நிறைவு உண்டு. காலையில் நூலாக இருந்தது மாலையில் கூடையின் அடியாக மாறியிருப்பதைக் கண்ணால் காண்கிறோம். பிழையாகப் போட்ட முடிச்சை அவிழ்த்து மீண்டும் போடலாம். வாழ்க்கையில் பல செயல்களின் முடிவு நம் கையில் இருப்பதில்லை. கூடையின் முடிவு நம் கையில் இருக்கிறது. மனத்திற்கு அமைதி அங்கிருந்துதான் பிறக்கிறது.

முன்னோர் காட்டிய வழி

கைவேலையை இழிவாகக் கருதும் எண்ணம் எங்கிருந்தோ நம்மிடம் புகுந்துவிட்டது. வசதி வந்தால் கையில் மண் படக்கூடாது என்று எண்ணுகிறோம். நம் மார்க்கத்தின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள். தம் காலணியைத் தாமே செப்பனிட்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நபி தாவூத் (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தம் கை உழைப்பிலிருந்தே உண்டதாக ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது முஸ்லிம் நூலில் உள்ள செய்தி.

தாய்மார்களுக்காக இன்னொரு செய்தியையும் நினைவூட்டுவோம். தம் துணைவியருள் எவருடைய கை நீளமானதோ அவரே தம்மை முதலில் வந்தடைவார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருந்தார்கள். அன்னையர் தம் கைகளை அளந்து பார்த்தனர். பின்னர் முதலில் மறைந்தவர் அன்னை ஸைனப் (ரலி) அவர்கள். தம் கையால் வேலை செய்து, அதில் கிடைத்ததைத் தருமம் செய்து வந்தவர் அவர். கையின் நீளம் என்பது கொடையின் நீளம் என்று அப்போதுதான் விளங்கியது. வேலை செய்த கையே ஈந்த கையாகவும் இருந்ததை இங்கு நாம் கவனிக்க வேண்டும்.

பாயைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்களின் பாட்டியார் நாயகத்தை விருந்திற்கு அழைத்தார்கள். உணவு முடிந்ததும் அவ்வீட்டிலேயே தொழுகை நடைபெற்றது. அதற்காக விரிக்கப்பட்டது, நீண்ட நாள் புழங்கிக் கறுத்துப்போன ஒரு பாய். அதன்மீது நீர் தெளித்துத் தூய்மை செய்து விரித்தார்கள். புதிய விரிப்பைத் தேடி எவரும் அலையவில்லை. உழைத்துப் பழகிய எளிய பொருளுக்கு அத்தகைய சிறப்புக் கிடைத்தது.

ஒரு பிடி மண்

அடுத்துத் தோட்டத்திற்கு வருவோம். ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தருமமாக எழுதப்படுகிறது என்பது நாம் அனைவரும் கேட்டறிந்த நபிமொழி. இறுதி நாள் வந்துவிட்ட நிலையிலும் கையில் ஒரு கன்று இருக்குமாயின் அதை நட்டுவிட வேண்டும் என்ற அறிவுரையும் நமக்கு உண்டு. பலனைக் காணும் வரை வாழ்வோமா என்ற கணக்கு நடுபவருக்குத் தேவையில்லை என்பதே அதன் பொருள்.

"இடமில்லையே" என்று சொல்வோர் உண்டு. ஐந்தடி நீளம், மூன்றடி அகலம் உள்ள பாத்தி ஒரு சிறு குடும்பத்திற்குக் கீரை தரும். அதுவும் இல்லாதவர்களுக்கு மொட்டை மாடி உண்டு. உடைந்த வாளி, பழைய டின், சாக்குப்பை எதுவாயினும் அடியில் துளையிட்டால் தொட்டியாகும். செம்மண் ஒரு பங்கு, மட்கிய சாணம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு கலந்து நிரப்பினால் மாடிக்குப் பாரமும் குறைவு; ஈரமும் நிற்கும். தளத்தில் நீர் தேங்காமல் தொட்டிகளைச் செங்கல்மீது வைக்க வேண்டும்.

முதன்முதலில் தொடங்குபவர் கீரையில் தொடங்குவது நலம். அரைக்கீரை விதைத்து ஒரு மாதத்திற்குள் முதல் அறுவடைக்கு வந்துவிடும். வேரோடு பிடுங்காமல் அறுத்தெடுத்தால் மீண்டும் மீண்டும் தழைக்கும். வெண்டை ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியை மறவாமல், அவரை, புடலை, பீர்க்கு முதலிய கொடிகளை ஆடியில் ஊன்றலாம். கொல்லையில் சற்று இடம் உள்ளவர்கள் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம்.-1 முருங்கையை விதை மூலமே வளர்க்கலாம். ஓராண்டு நிறைவதற்குள் காய் பறிக்கலாம். கறிவேப்பிலைக் கன்று ஒன்றும் மருதாணிச் செடி ஒன்றும் இருக்குமாயின், பெருநாள் இரவில் தெருப்பிள்ளைகள் அனைவரும் அந்த வீட்டு வாசலில்தான் நிற்பார்கள்!

செடி மனிதரைப் பழக்குகிறது. காலையில் நீர் ஊற்றாவிட்டால் மாலையில் வாடி நிற்கிறது. ஆகவே அது நம்மை எழுப்புகிறது. இலையின் அடியில் வெள்ளைப்பூச்சி இருக்கிறதா என்று குனிந்து பார்க்கச் செய்கிறது. களை எடுக்க அமரச் செய்கிறது. மண் சுமக்க எழச் செய்கிறது. மருத்துவர் எழுதித் தரும் உடற்பயிற்சியைத் தட்டிக் கழிப்பவரும், பூத்து நிற்கும் வெண்டைச் செடியைக் காண மாடிப்படி ஏறாமல் இருப்பதில்லை.

நடையும் ஒரு நற்செயல்

பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. நாள் கணக்கில் பார்த்தால் இருபது நிமிடங்களைச் சற்றுக் கடந்த நேரம். அறுபத்தைந்து வயது கடந்தவர்கள் விழாமல் நிற்பதற்கு உதவும் சமநிலைப் பயிற்சியையும் வாரத்தில் மூன்று நாள் செய்வது நன்று என்கிறது அவ்வமைப்பு. முதுமையில் இடுப்பெலும்பு முறிவு எத்தகைய துன்பம் என்பதை அனுபவித்த குடும்பங்கள் நம்மிடையே உள்ளன.

இதற்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. மஸ்ஜிதுக்குத் தொலைவில் குடியிருந்த பனூ ஸலிமா கூட்டத்தார் அருகில் குடிபெயர விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருக்குமாறும் அவர்களின் காலடிகள் எழுதப்படுவதாகவும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். இன்றோ இரண்டு தெரு தொலைவிலிருந்து இரு சக்கர வண்டியில் வந்து இறங்குகிறோம். இயன்றவர்கள் நடந்து வருவோம். இஷாவுக்குப் பின் இரவு உணவு உண்டு உடனே படுக்காமல் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால், உணவிற்குப் பின் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். முழங்கால் வலி, இதயநோய் உடையவர்கள் மட்டும் மருத்துவரைக் கலந்துகொண்டு தொடங்க வேண்டும்.

மூன்று வேண்டுகோள்கள்

இதுவரை கூறியவை பேச்சோடு நின்றுவிடக் கூடாது. ஆகவே மூன்று வேண்டுகோள்களை இப்பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, நம் பள்ளியின் பின்புறம் வெறுமனே கிடக்கும் நிலம். ஐந்து வேளையும் ஒளுச் செய்யும் நீர் சாக்கடையில் கலந்து வீணாகிறது. சோப்புக் கலவாத அந்த நீரை ஒரு குழாய் வழியாகத் திருப்பினால் வாழையும் தென்னையும் முருங்கையும் வளரும். அதைப் பேணும் பொறுப்பைக் கூலியாளிடம் ஒப்படைக்க வேண்டாம். சபர் முடித்து வந்த பெரியவர்கள் ஏற்கட்டும். பாலைநிலத்தில் ஒரு பசுமையைக் காண ஏங்கிய கண்கள் அவர்களுடையவை. தோட்டத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும். விளைவதில் முதல் பங்கு ஆதரவற்ற வீடுகளுக்குச் செல்லட்டும்.

இரண்டாவது, பெண்கள் மதரஸாவில் விடுமுறை நாள் ஒன்றில் இரண்டு மணி நேரம் கைவேலைக்கு ஒதுக்கப்பட வேண்டும். கற்றுத்தர வெளியாள் தேட வேண்டியதில்லை. கொட்டான் முடையவும், வயர்க்கூடை பின்னவும், தலையணை உறையில் பூவேலை செய்யவும் அறிந்த பாட்டிமார்கள் நம் தெருக்களிலேயே இருக்கின்றனர். அவர்கள் அறிந்தது எந்த நூலிலும் எழுதப்படவில்லை. அவர்களின் விரல்களில் மட்டுமே இருக்கிறது. அவர்கள் நம்மை விட்டுப் பிரியும் நாளில் அதுவும் அவர்களோடு மண்ணுக்குள் சென்றுவிடும். நம் பேத்தியர் அதைக் கற்றுக்கொள்வதற்குள்ள காலம் நீண்டதன்று.

மூன்றாவது, இளைஞர்களுக்கு. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஓய்ந்து அமர்ந்திருக்கும் ஒரு பெரியவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அவருடன் நடந்து செல்லுங்கள். அல்லது ஒரு தொட்டியும் ஒரு பிடி விதையும் கொண்டு சென்று, "எப்படி விதைக்க வேண்டும், வாப்பா?" என்று கேளுங்கள். உங்களிடம் சொல்லிக் கொடுப்பதற்கு ஏதோ ஒன்று தம்மிடம் இருக்கிறது என்ற எண்ணமே அவரை நிமிர்ந்து உட்காரச் செய்யும். எந்த மருந்தும் அதைத் தராது.

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! கையால் செய்த பொருளும் கையால் வளர்த்த காயும் நம் வீட்டோடு நிற்பதில்லை. கொத்தமல்லி கூடுதலாக விளைந்தால் அடுத்த வீட்டுக்குச் செல்கிறது. பின்னிய கூடை மருமகள் வீட்டுக்குச் செல்கிறது. பேசாமல் இருந்த இரண்டு வீடுகளுக்கு இடையே ஒரு கட்டு முருங்கைக்கீரை வழியைத் திறந்துவிடும். சந்தையில் வாங்கிக் கொடுப்பதில் பணம் இருக்கிறது. நாமே விளைவித்துக் கொடுப்பதில் நாமே இருக்கிறோம். ஒரு மஹல்லா உயிரோடு இருப்பதற்கு அடையாளம் இத்தகைய சிறு கொடுக்கல் வாங்கல்களே.

வரும் ஆண்டின் அறிக்கை இதே இடத்தில் வாசிக்கப்படும்போது, பள்ளித் தோட்டத்தின் முதல் வாழைத்தார் எந்த வீட்டுக்குச் சென்றது என்ற ஒரு வரி அதில் இடம்பெற வேண்டும் என்பது நம் அவா. நமக்கு உடல் நலத்தையும், ஓயாத கைகளையும், அவற்றால் பிறருக்கு உதவும் நற்பேற்றையும் வல்ல ரஹ்மான் அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.